வாசல் மாறியது, வசூல் மாறவில்லை

2017 மே மாதம் ப்ளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானபோது நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வழக்கமான படம் இல்லை. மாநிலத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள் யார் என்று அறிவிக்கும் பழக்கத்தை அந்த ஆண்டு பள்ளிக் கல்வித் துறை கைவிட்டிருந்தது. மகளுக்கு லட்டு ஊட்டும் பெற்றோர், பக்கத்தில் சிரித்தபடி தாளாளர், மறுநாளே பேருந்து நிலையத்தில் எழும் ஃப்ளெக்ஸ் பேனர் என்று பல காலம் நடந்த சடங்கு ஓய்ந்தது.

அந்தப் பேனர்களில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளுக்குத் தனி இடம் உண்டு. மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘பிராய்லர் பள்ளிகள்’. கோழிப் பண்ணைக்குப் பெயர்போன மாவட்டம் என்பதால் பெயர் பொருந்தியும் போனது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் திரும்பத் திரும்ப உருப்போட வைப்பது அங்கே தொழில் ரகசியம். ரகசியம் என்று சொல்வதுகூடத் தவறு; சேர்க்கையின்போதே பெற்றோரிடம் பெருமையாகச் சொல்லப்பட்ட விஷயம் அது. கடலூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைக் கொண்டுவந்து ஹாஸ்டலில் விட்டவர்கள் இருந்தார்கள்.

இதை உடைக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. ஆனால், அதே 2017இல் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கை முழுவதும் நீட் தேர்வின் கீழ் வந்துவிட்டது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரி வாசலில் இருந்த மதிப்பு ஒரே ஆண்டில் போனது. பிராய்லர் பள்ளிகளின் வியாபாரம் படுத்துவிட்டது என்றுதான் நினைப்போம். 2019 அக்டோபரில் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கல்விக் குழுமத்தில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. கணக்கில் வராத 30 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டதாக அறிவித்தது. அந்தக் குழுமம் அப்போது எதற்குப் பேர்போனது தெரியுமா? நீட் பயிற்சிக்கு.

கல்விக் கொள்கையும் ஏற்றத்தாழ்வும் பற்றிப் பேசும்போது நான் தொடங்க விரும்பும் இடம் இதுதான். எந்தத் தேர்வு நல்லது, எது கெட்டது என்று நாற்பது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறோம். சீட்டு குறைவாகவும் அதன் பலன் மிக அதிகமாகவும் இருக்கும் இடத்தில், எந்தத் தேர்வை வாசலில் நிறுத்தினாலும் அதன் அருகில் ஒரு கடை முளைக்கும்; கடையில் வாங்க முடிந்தவர்கள் உள்ளே போவார்கள். வாசலை மாற்றுவது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வாசலை மாற்றியதையே சமத்துவம் என்று கணக்கெழுதிவிடக் கூடாது என்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போகலாம். பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு மாநில அளவிலான நுழைவுத்தேர்வு 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. அதற்கு முன்பு நேர்காணல் மதிப்பெண் என்ற ஒன்று இருந்தது. யாரைத் தெரியும், எவர் சிபாரிசு என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணுக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தது. ஆகவே நுழைவுத்தேர்வு வந்தபோது அது நியாயத்தின் பக்கம் எடுத்துவைத்த அடிதான். சிபாரிசு செத்தது, பயிற்சி மையம் பிறந்தது. சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் கோடை விடுமுறை முழுக்க வகுப்புகள் நடந்தன. பஸ் வசதி இல்லாத ஊரிலிருந்து ப்ளஸ் டூ எழுதியவருக்கு அப்படியொரு வகுப்பு நடப்பதே தெரியாது.

இதைக் கண்டுகொண்டு அந்தத் தேர்வை ஒழிக்க முயன்ற பெருமை இரண்டு கழகங்களுக்கும் உண்டு. ஜெயலலிதா அரசு 2005இலும் 2006இலும் எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு கருணாநிதி அரசு கல்வியாளர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையின் அடிப்படையில் 2006இல் சட்டம் இயற்றி, 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. நீதிமன்றத்திலும் அந்தச் சட்டம் நின்றது. கிராமத்துப் பிள்ளைகள், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள், பொறியியல் கவுன்சலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அப்பாவோடு வந்து மரத்தடியில் காத்திருந்த காட்சி அதற்குப் பிறகு சாதாரணமானது.

ஆனால், மருத்துவத்தில் கதை வேறு. ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டுமே வாசலாக இருந்த பத்தாண்டிலும் அரசுப் பள்ளிகளில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். இதை நீட் எதிர்ப்பாளர்கள் சொல்லத் தயங்குகிறார்கள். நீட் ஆதரவாளர்கள் இதை மட்டுமே சொல்கிறார்கள். பிராய்லர் பள்ளிகள் செழித்தது நீட் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இரு தரப்பின் பாதி உண்மையும் ஒன்றாகச் சேரும்.

நீட் வந்த பிறகு நடந்ததை நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் விரிவாகப் பதிவு செய்தது. தமிழ்வழியில் படித்தவர்களின் பங்கு மிகவும் சுருங்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கணக்கு. 2016-17இல் சேர்ந்தவர்களில் ஏற்கெனவே ஒருமுறையோ பலமுறையோ முயன்றவர்கள், அதாவது ரிப்பீட்டர்கள், சுமார் 12 சதவீதம். 2020-21இல் அவர்கள் 71 சதவீதம். ப்ளஸ் டூ முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குப் போவது விதியாக இருந்தது, விதிவிலக்காகிவிட்டது.

ரிப்பீட்டர் என்ற சொல்லை நாம் சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். ஓராண்டு முழுக்கச் சம்பாதிக்காமல், வேறு கல்லூரியிலும் சேராமல், பயிற்சி மையத்துக்குப் பணமும் கட்டி உட்கார்ந்திருப்பவர் அவர். அப்படி உட்கார வைக்க எந்த வீட்டால் முடியும்? நூறு நாள் வேலை அட்டை உள்ள வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் ஓராண்டு சும்மா இருந்தால், அது அந்த வீட்டின் அடுப்பில் தெரியும். பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஓராண்டுக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். ஆக, தேர்வில் கேட்கப்படும் இயற்பியல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். அதற்கு முன்னால் எழுதப்படாத ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் வீட்டால் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும்?

இங்கே ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அதே படிப்புக்கு ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல். நான்கரை ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் ஒரு கோடியை ஒட்டி வரும். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடங்கள் ஐயாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. அதாவது ஆண்டுதோறும் அரசு ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு, ஆளுக்கு ஒரு கோடி மதிப்புள்ள ஒன்றை வழங்குகிறது. வரிப்பணத்தில் நடக்கும் இவ்வளவு பெரிய வழங்கலை நாம் ‘சேர்க்கை’ என்று அழைப்பதால் அதன் பொருளாதாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நியாயவிலைக் கடையில் இருபது கிலோ அரிசி யாருக்குப் போகிறது என்று ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், இது யாருக்குப் போகிறது என்று கேட்பதில்லை. தகுதியுள்ளவருக்குப் போகிறது என்று சமாதானம் கொள்கிறோம்.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்ட குடும்பத்துக்கு, பயிற்சி மையம் கேட்கும் ஒன்றிரண்டு லட்சம் செலவே அல்ல; நல்ல முதலீடு. அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பரிசு ஒரு கோடி என்றால் நுழைவுச் சீட்டுக்கு இரண்டு லட்சம் கொடுக்க ஆள் இருக்கத்தான் செய்வார்கள். அந்த இரண்டு லட்சம் இல்லாதவர்தான் இங்கே போட்டிக்கு வெளியே நிற்கிறார். 2024இல் நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் அதிகமானோர் நீட் எழுதினார்கள், இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். அந்த ஆண்டு வினாத்தாள் கசிந்ததும், பிகாரிலும் ஜார்கண்டிலும் கைதுகள் நடந்ததும் ஒழுக்கக்கேட்டின் கதை மட்டுமல்ல. விலை அந்த அளவுக்கு ஏறிவிட்டது என்பதன் அடையாளம். 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கும் க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. வரலாறு படிக்கவும் இனி ஒரு கடை திறக்கும்.

அப்படியானால் கல்விக் கொள்கையால் ஏற்றத்தாழ்வைக் குறைக்கவே முடியாதா? முடியும், தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஆனால் அது நடந்த இடம் வாசல் அல்ல.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோரின் தொழில். கல்விக் கொள்கை ஏற்றத்தாழ்வை எப்படி அப்படியே உறைய வைக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு உலகில் எங்கும் கிடைப்பது கடினம். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அடுத்து நடந்ததுதான் பெரிது: நடக்கும் தொலைவில் பள்ளி, பள்ளியில் மதிய உணவு. சென்னை மாநகராட்சியில் 1920இலேயே தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய யோசனை மாநிலத்துக்கு விரிந்தது; 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், 2022இல் மு.க.ஸ்டாலின் அரசு காலை உணவைச் சேர்த்தது. ஆட்சிகள் மாறினாலும் ஒருவர் வைத்ததை அடுத்தவர் எடுக்கவில்லை. நம் அரசியலில் அபூர்வமான விஷயம்.

பள்ளி கட்டுவதும் சோறு போடுவதும் கல்விக் கொள்கையா, அது சமூக நலம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவைப் பார்க்கலாம். 1973 முதல் 1978 வரை எண்ணெய் வருவாயைக் கொண்டு அந்த நாடு 61,000 தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்ளோ, அந்தப் பள்ளிகளில் படித்த தலைமுறை வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அவர்களின் ஊதியத்தை ஆராய்ந்தார். ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கூடுதலாகக் கிடைத்த இடங்களில், ஊதியம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டே முக்கால் சதவீதம் வரை உயர்ந்திருந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு பள்ளிக் கட்டடம் ஒரு வட்டாரத்தின் ஒரு தலைமுறைக்கே வாழ்நாள் முழுக்க வழங்கிய ஊதிய உயர்வு அது. அதற்கு யாரும் தேர்வு எழுதவில்லை.

நமக்கு நெருக்கமான, அண்மைக் காலச் சான்றும் உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஊரிலேயே இருந்த படித்த பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்று காட்டியது. அந்த மீட்சியில் கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது. அதைவிட முக்கியம், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள். பொதுவாக அரசு எதை இலவசமாகக் கொடுத்தாலும் அதை முதலில் பயன்படுத்திக்கொள்வது சற்று வசதியானவர்கள். இங்கே அது தலைகீழாக நடந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் காசு கொடுத்து டியூஷனில் இருந்தார்கள். டியூஷன் இல்லாதவர்களுக்கு அரசு திண்ணைக்கே டியூஷனைக் கொண்டுபோனது.

எட்டு வயதில் இரண்டு இலக்கக் கழித்தல் வராத குழந்தைக்குப் பதினெட்டு வயதில் நீட் விலக்கு கொடுத்தும் பயனில்லை, நீட் பயிற்சி கொடுத்தும் பயனில்லை. ஏற்றத்தாழ்வு வாசலுக்குப் பத்தாண்டு முன்பே வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் கழித்தல் கணக்குக்காக யாரும் சாலை மறியல் செய்வதில்லை. சட்டமன்றத்தில் வெளிநடப்பும் கிடையாது. கல்வி அரசியல் முழுவதும் பதினெட்டு வயதைச் சுற்றியே நடக்கிறது.

இந்த இடத்தில் தனியார் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவினருக்கு. அந்தக் கட்டணத்தை அரசு கொடுக்கிறது. பிள்ளையை ‘மெட்ரிக்’கில் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், குலுக்கலில் உதவித்தொகை கிடைத்துத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் குலுக்கலில் விடுபட்ட பிள்ளைகளும் தெலுங்கிலும் கணிதத்திலும் ஏறத்தாழ ஒரே அளவே கற்றிருந்தார்கள். அதே விளைவைத் தனியார் பள்ளி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் தந்தது என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஆசிரியரின் சம்பளத்திலிருந்து. பி.எட். முடித்த பெண் கொத்தனார் கூலியைவிடக் குறைந்த சம்பளத்துக்கு எல்.கே.ஜி. எடுப்பது நம் ஊர்களில் யாருக்கும் அதிசயமில்லை. ஒருவர் வீட்டு ஏற்றத்தாழ்வைக் குறைக்க இன்னொருவர் வீட்டு ஏற்றத்தாழ்வை முதலாகப் போடுகிறோம்.

அந்த 25 சதவீதச் சேர்க்கையும் 2025இல் மாதக்கணக்கில் முடங்கியது. தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த பிஎம் ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக இந்தக் கட்டணத்தின் மத்தியப் பங்கும் அடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. அந்தக் கொள்கை கிளப்பிய மும்மொழியா இருமொழியா என்ற சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, ஜூன் மாதம் கட்டணம் கட்டிய வீட்டுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தது; சட்டத்தை நம்பிய வீட்டுப் பிள்ளை காத்திருந்தது.

வாசலை அகலத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அதையும் நாம் செய்து பார்த்தாயிற்று. 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்ததில் தொடங்கி, அவற்றின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 550ஐத் தாண்டியது. நுழைவுத்தேர்வு போனது, முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது, வங்கிகள் கல்விக் கடன் கொடுத்தன. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் நாட்டில் 28.4 சதவீதமாக இருந்த 2021-22இல் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளும் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களும் இந்த 47 சதவீதத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் வாசல் அகன்றபோது தரம் பிரிக்கும் இடம் உள்ளே நகர்ந்தது. எல்லோரும் பி.இ. என்றான பிறகு, எந்தக் கல்லூரி பி.இ. என்பதே கேள்வி. கேம்பஸுக்கு நல்ல நிறுவனங்கள் வரும் கல்லூரிகள் சில; மீதி நூற்றுக்கணக்கானவற்றுக்கு எதுவும் வருவதில்லை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகப் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. அத்தகைய பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. காகிதத்தில் இருந்த அந்த ஆசிரியரிடம் படித்தவர்தான் அரியரோடு வெளியே வந்து, ஐந்து இலக்கச் சம்பளம் கிடைக்குமா என்று பைக் டாக்ஸி ஓட்டிக்கொண்டே தேடுகிறார். நல்ல கல்லூரியில் படித்துப் பெரிய மென்பொருள் சேவை நிறுவனத்தில் சேர்ந்தவருக்கும் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே பத்தாண்டுக்கு மேல் நின்றுவிட்டது. அதே காலத்தில் கல்லூரிக் கட்டணமும் சென்னை வாடகையும் நிற்கவில்லை. பட்டம் பெருகினால் அதன் விலை விழும் என்பதில் ஆச்சரியமில்லை. விலை விழுந்த பிறகும் கடனை அடைப்பவர் கடைசியாக வரிசைக்கு வந்தவர் என்பதுதான் இதில் உறுத்துகிறது.

இத்தனைக்கும் நடுவில், வாசலிலேயே வேலை செய்த ஒரு ஏற்பாடு உண்டு என்றால் அது 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து நீட்டிலும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் தனிப் பங்கு. நீதிபதி கலையரசன் ஆணையம் பத்து சதவீதம் பரிந்துரைத்தது. அரசு ஏழரையில் நின்றது. அதற்கே ஆளுநரின் கையெழுத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. முந்தைய ஆண்டில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த அரசுப் பள்ளி எம்.பி.பி.எஸ். சேர்க்கை, முதல் ஆண்டிலேயே முன்னூறைத் தாண்டியது. அப்போதும் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து போனார்கள். பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. சீட்டைக் கொடுத்துவிட்டு ஃபீஸை மறந்தது நம் நிர்வாகத்துக்கே உரிய பாணி.

இது ஏன் வேலை செய்தது? காசு கொடுத்து வாங்க முடிந்தவரோடு வாங்க முடியாதவரை ஒரே வரிசையில் நிறுத்தாமல், தனி வரிசை போட்டதால். பிரேசில் இதை நம்மைவிடத் துணிச்சலாகச் செய்தது. அங்கே மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே கிடையாது, நுழைவுத்தேர்வோ கடுமையானது. விளைவு, பள்ளிப் படிப்பைத் தனியாரிடம் காசு கொடுத்து முடித்த பணக்காரர்கள் இலவசப் பல்கலைக்கழகங்களை நிரப்பினார்கள். அரசுப் பள்ளியில் படித்த ஏழைகள் கட்டணம் கட்டித் தனியார் கல்லூரிகளில் படித்தார்கள். 2012இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, மத்தியப் பல்கலைக்கழக இடங்களில் பாதியை அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பாதிக்குள் குறைந்த வருமானம், இனம் ஆகியவற்றுக்கும் உள் ஒதுக்கீடு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997இல் வேறு வழியைப் பிடித்தது: ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வந்தவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. எந்த ஊர்ப் பள்ளி என்றாலும் அந்தப் பள்ளிக்குள் முதலில் வந்தால் போதும்.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ எழுதுவோரில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் அரசுப் பள்ளி மாணவர்கள். அவர்களுக்கு ஏழரை என்பது எந்தக் கணக்கு? இன்னொரு முரணும் உண்டு. திருமண உதவியாக இருந்த பணத்தைக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாயாக மாற்றிய ‘புதுமைப் பெண்’ திட்டம், தமிழ்நாட்டு அரசுகள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்த அதை, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். ஏழரை சதவீதமோ உதவிபெறும் பள்ளிகளை இன்னும் வெளியே நிறுத்தியிருக்கிறது. தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இருக்கும் மிஷன் பள்ளியிலும் நாடார் உறவின்முறைப் பள்ளியிலும் படிக்கும் கூலித் தொழிலாளியின் மகள், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஏழை. மருத்துவ சீட்டுக்கு ஏழையில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்த ஒதுக்கீட்டைச் செல்லும் என்று உறுதி செய்தபோது, ஐந்தாண்டில் மறு ஆய்வு என்பதை முன்வைத்து, அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தும் பொறுப்பையும் அரசுக்கு நினைவூட்டியது. ஒதுக்கீடு வந்த 2020இலிருந்து எண்ணினால் அந்த ஐந்தாண்டு 2025இல் முடிந்தது. எத்தனை பேர் வெள்ளை அங்கி போட்டார்கள் என்ற எண்ணிக்கையோடு மறு ஆய்வை முடித்துக்கொள்வது சுலபம். கேட்க வேண்டியது வேறு. அந்த இடங்களைப் பெற்றவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியில் வந்தவர்கள், எத்தனை பேர் ரிப்பீட்டர்கள்? தனியார் பயிற்சிக்கு எவ்வளவு கட்டினார்கள், கடன் வாங்கினார்களா? எத்தனை பேர் முதல் பட்டதாரிகள், எந்தெந்த ஒன்றியங்களிலிருந்து ஒருவர்கூட வரவில்லை? முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? இத்தனையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கோப்புகளிலிருந்தும் ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்தும் திரட்டிவிடக்கூடிய விவரங்கள். ஒன்றியவாரியாக அவற்றை வெளியிட்டுவிட்டு, ஏழரையைப் பத்தாக்குவதா, இருபதாக்குவதா, உதவிபெறும் பள்ளிகளைச் சேர்ப்பதா என்பதைச் சட்டமன்றம் விவாதிக்கட்டும். ஒருவர்கூட வராத ஒன்றியங்களின் பட்டியல் கைக்கு வந்ததும், அதே ஒன்றியங்களின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குத் திறன் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.